பங்கு இல்லத்தின் அழைப்புமணி அடிப்பதே இல்லை: ஜெர்மனிக்குப் புதிதாக வந்த ஒரு குருவின் கேள்வி

வைகைக்கரை எழுதியது:

ஐரோப்பாவில் பணிபுரியும் தமிழ்க் குருக்களும் அருட்சகோதரிகளும் இங்கே எழுதிவருவதைப் பார்த்திருப்பதால், இதைக் கேட்பதற்கு உரிய இடம் இதுவே என்று நினைக்கிறேன். நான் சிவகங்கைப் பக்கத்தைச் சேர்ந்தவன். குருவாகப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. கடந்த செப்டம்பரில் தென்ஜெர்மனியின் மேல்ஸ்வாபியப் பகுதியில், ஐந்து ஊர்க் கோயில்களை ஒன்றாக இணைத்து அமைத்திருக்கும் ஒரு பங்குக்கு உதவிக் குருவாக வந்து சேர்ந்தேன். மொழிப் படிப்பு, பி2 நிலை மொழித் தேர்வு, விசா எல்லாம் ஒருவாறு முடிந்துவிட்டன. குடியேறிய இரண்டு வாரத்துக்குள் ஆள்பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும் என்றார்கள், பதிந்தாயிற்று. காப்பீட்டு அட்டை வந்துவிட்டது. வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டியே இல்லாவிட்டாலும் மாதம் 18.36 யூரோ ஒலிபரப்புக் கட்டணம் உண்டு என்பதையும் ஒரு கடிதம் கற்றுக்கொடுத்தது. பங்குத்தந்தையும் அலுவலகச் செயலாளர் அம்மாவும் குறை சொல்ல முடியாத அளவுக்கு உதவினார்கள். ஆகவே என் கேள்வி காகிதங்களைப் பற்றியது அன்று.

நான் குடியிருக்கும் பங்கு இல்லம் கோயிலுக்கு எதிரே, மூன்று தளங்களும் ஒன்பது அறைகளும் கொண்டது. ஒரு காலத்தில் பங்குத்தந்தை, உதவிக் குரு, சமைத்துப் போட்ட அம்மா, பின்கட்டில் கோழிகள் என்று நிறைந்திருந்த வீடாம். இப்போது கீழ்த்தளத்தில் வாரத்துக்கு இரண்டு முற்பகல் அலுவலகம் திறக்கும். மற்றபடி நான் ஒருவனே. வாசலில் பித்தளையில் ஓர் அழைப்புமணி இருக்கிறது. நான் வந்த நாளிலிருந்து அது நான்கு முறை ஒலித்திருக்கிறது: மூன்று முறை பார்சல் கொண்டுவந்தவர், ஒரு முறை புகைபோக்கியைச் சோதிக்க வந்தவர்.

ஊரில் நான் இருந்த பங்கில் பங்களாக் கதவை இரவு பத்து மணிக்கு முன்னால் சாத்தியதாக நினைவில்லை. காலைப் பூசை முடிந்து காப்பி குடிப்பதற்குள், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்டு ஒருவர், புதிதாக வாங்கிய வண்டியை மந்திரிக்கச் சொல்லி ஒருவர், மகன் குடித்துவிட்டு அடிக்கிறான் என்று அழுதுகொண்டு ஓர் அம்மா, வேலித் தகராறில் ஒரு வார்த்தை சொல்லுங்கள் சாமி என்று முறைத்துக்கொண்டு நிற்கும் இரண்டு பங்காளிகள் என்று தாழ்வாரம் நிறைந்துவிடும். யாரும் வெறுங்கையோடு வருவதில்லை. முருங்கைக்காயோ, பத்து முட்டையோ, புதுக்கடலையோ சமையற்கட்டுக்குப் போய்ச் சேரும். ஒரு மணி நேரம் தனியாக இருக்கக் கிடைக்காதா என்று அப்போது சலித்துக்கொண்டவன் நான். இப்போது நாளொன்றுக்குப் பதினைந்து மணி நேரம் கிடைக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வாசலில் நின்று கை குலுக்குகிறேன். "நல்ல ஞாயிறாக அமையட்டும்" என்று சொல்லிவிட்டு ஐந்து நிமிடத்தில் எல்லாரும் போய்விடுகிறார்கள். கடைகளும் மூடியிருக்கும் அந்த நாளில் ஊரே கண்ணை மூடிக்கொண்டது போல ஆகிவிடுகிறது. நவம்பர் 1 பிற்பகல் கல்லறை மந்திரிப்புக்கு மட்டும், ஞாயிறு பூசைக்கு வருவதைப் போல நான்கைந்து மடங்கு கூட்டம். நம் ஊரில் 2-ஆம் தேதி கல்லறைத் திருநாளுக்குச் சுண்ணாம்படித்து, பூப்போட்டு, மெழுகுவத்தி ஏற்றுவது போலவே இங்கும் ஒவ்வொரு கல்லறைக்கும் சிவப்புக் கூட்டுக்குள் விளக்கு வைத்திருந்தார்கள். அன்று ஒரு மணி நேரம் நான் வீட்டில் இருப்பது போல உணர்ந்தேன். தீர்த்தம் தெளித்து முடித்துத் திரும்பிப் பார்த்தால் ஒருவரும் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அக்டோபரில் ஒரு ஞாயிறு மறையுரைக்குப் பிறகு, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் பூசை உடை மாற்றும் அறையான சக்கிறிஸ்துக்குள் வந்து நான்காக மடித்த தாள் ஒன்றைக் கொடுத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போனார். அழகான கையெழுத்தில் என் மறையுரையின் ஏழு இலக்கணப் பிழைகளை எண்ணிட்டு எழுதியிருந்தார். உயிர்த்தெழுதல் என்ற சொல் அவர்கள் மொழியில் பெண்பால், அதை நான் மூன்று இடங்களில் ஆண்பாலாகச் சொல்லியிருக்கிறேன் என்பது முதற்பிழை. அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் ஒரு தாள் வருகிறது. இதை அவமதிப்பு என்று கொள்வதா, உதவி என்று கொள்வதா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் சனிக்கிழமை இரவுகளில் தூக்கம் வருவதில்லை.

என் கேள்விகள் இவை. அழைக்காமல் வீடுகளுக்குப் போகலாமா? தமிழ்த் திருப்பலி நடக்கும் நகரத்துக்கு ரயிலில் ஒன்றரை மணி நேரம்; ஞாயிறு மாலைதோறும் அங்கே போய்விடலாமா? படுக்கையறையின் வெளிச்சுவர் மூலையில் கறுப்பாகப் பூஞ்சணம் படர்கிறதே, அதற்கு என்ன செய்வது? எத்தனை மாதத்தில் ஒரு வீடு நம் வீடாகும்?

பதினான்காம் குளிர்காலம் எழுதியது:

தந்தைக்கு அன்பு வணக்கம். நான் பவேரியாவில் ஒரு மலையடிவாரப் பங்கில் இருக்கிறேன். உங்கள் எழுத்தின் பல வரிகள் என் முதல் ஆண்டு நாட்குறிப்பிலிருந்து எடுத்தவை போலத் தோன்றுகின்றன. நேராகவே சொல்லிவிடுகிறேன்: அந்த மணி அடிக்காது, அதற்காகக் காத்திருக்காதீர்கள். அவர்கள் உங்களை ஒதுக்கவில்லை. நேரம் குறிக்காமல் ஒருவருடைய கதவைத் தட்டுவது அவருடைய பொழுதைப் பறிப்பதாகும் என்று சிறு வயதிலிருந்தே சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் அவர்கள். குருவானவரின் பொழுது என்றால் தயக்கம் இரட்டிப்பாகும். அதே காரணத்தால் நீங்களும் அழைக்காமல் போய் நிற்க வேண்டாம். முதல் ஆண்டில் நான் அப்படி ஒரு வீட்டு வாசலில் போய் நின்றேன். கதவைத் திறந்த அம்மாவின் முகம் வெளிறிப்போயிற்று. மருத்துவமனையில் இருந்த தம் கணவர் இறந்துவிட்டார் என்று சொல்லத்தான் நான் வந்திருக்கிறேன் என்று அவர் நினைத்துவிட்டார்.

ஆனால் குருவுக்கென்றே திறக்கும் கதவுகள் இங்கே உண்டு. அவற்றுள் முதலாவது சாவு வீடு. ஊரில் இன்று இறந்தவரை நாளைக்குள் அடக்கம் செய்துவிடுகிறோம். ஒப்பாரி, பந்தல், கொட்டு எல்லாம் சேர்ந்து வீட்டாரின் துக்கத்தைத் தாங்கிக்கொள்கின்றன, நாம் போய்ச் செபித்தால் போதும். இங்கே இறப்புக்கும் அடக்கத்துக்கும் இடையே ஒரு வாரமோ அதற்கு மேலுமோ ஆகும். அந்த இடைவெளியில் குரு அந்த வீட்டுக்குப் போய், மேசையைச் சுற்றி உட்கார்ந்து, இறந்தவர் எங்கே பிறந்தார், யாரை மணந்தார், எதற்குச் சிரிப்பார், யாரோடு பேசாமல் இருந்தார் என்பதையெல்லாம் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். துக்க உரையாடல் என்று இதற்குப் பெயரே இருக்கிறது. மொழிப் பயத்தினால் பல புதுக் குருக்கள் இதை உடன்பணியாளர்களிடம் தள்ளிவிடுகிறார்கள். தள்ளாதீர்கள், கேட்டு வாங்குங்கள். இலக்கணம் தடுமாறும் ஒருவன் முன்னால் அவர்கள் மெதுவாகவும் எளிமையாகவும் பேசுவார்கள், அப்படிப் பேசும்போது வழக்கமாகச் சொல்லாததையும் சொல்லிவிடுவார்கள்.

ஒருமுறை ஒரு பண்ணை வீட்டில் எண்பது வயதைத் தாண்டிய அம்மா இருபது நிமிடம் ஆம், இல்லை என்ற இரண்டு சொற்களையே மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். சுவரில் சட்டமிட்ட சான்றிதழ் ஒன்று தொங்கியது. இறந்தவரின் ஞானஸ்நானச் சான்றிதழா என்று கேட்டேன். பசுவுக்குக் கிடைத்த பரிசு என்றார். எங்கள் வீட்டிலும் பசு இருந்தது, அதற்கு லட்சுமி என்று பெயர், அப்பா அதை விற்ற அன்று சாப்பிடவில்லை என்றேன். அந்த அம்மா எழுந்து போய் உருளைக்கிழங்கு சூப்பைச் சூடாக்கினார். நான் வெளியே வந்தபோது இருட்டிவிட்டது. மறு ஆண்டு ஜூன் மாதத்தில் ஸ்ட்ராபெரி ஜாம் நான்கு போத்தல்கள் என் வாசற்படியில் இருந்தன. மணியை அடிக்கவில்லை, வைத்துவிட்டுப் போய்விட்டார்.

முதல் வெள்ளி நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுபோவது இங்கும் உண்டு. அதையும் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். 80, 85, 90 வயது நிறைகிறவர்களுக்குப் பங்கின் வாழ்த்து அட்டையைக் கொண்டுபோய்க் கொடுக்கும் வழக்கமும் பல பங்குகளில் இருக்கிறது. அலுவலக அம்மாவிடம் பட்டியல் இருக்கும். பிறந்தநாளுக்கு முன்னால் மட்டும் வாழ்த்திவிடாதீர்கள்; அது கெட்ட சகுனம் என்று இங்கே படித்தவர்களும் நினைக்கிறார்கள்.

ஆசிரியரின் தாளைப் பற்றி உங்களுக்குத் தூக்கம் கெட வேண்டாம். ஸ்வாபியர்களிடம் ஒரு சொலவடை உண்டு: திட்டாமல் இருந்தால் அதுவே போதுமான பாராட்டு. அப்படிப்பட்ட ஊரில் ஒருவர் உங்கள் மறையுரையைச் சொல் சொல்லாகக் கேட்டு, வீட்டுக்குப் போய் உட்கார்ந்து எழுதிக் கொண்டுவருகிறார் என்றால், அந்தக் கோயிலில் உங்களை முழுவதுமாகக் கேட்கும் ஒரே ஆள் அவராகவும் இருக்கலாம். அடுத்த மறையுரையை வெள்ளிக்கிழமையே அவரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். தாள் முன்னதாக வந்துவிடும், அவ்வளவுதான் வேறுபாடு.

இன்னொரு செய்தியையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 2023-ஆம் ஆண்டுக் கணக்கின்படி இந்நாட்டில் ஞாயிறு திருப்பலிக்கு வந்தவர்கள் கத்தோலிக்கரில் 100-க்கு 6.2 பேர், அந்த ஓராண்டில் மட்டும் 4 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் திருச்சபையிலிருந்து பெயரை நீக்கிக்கொண்டார்கள். வருமான வரியின்மேல் உங்கள் மாநிலத்திலும் பவேரியாவிலும் 8 விழுக்காடும், ஏனைய மாநிலங்களில் 9 விழுக்காடும் திருச்சபை வரி பிடிக்கப்படுவதால், விலகுவது என்பது அரசு அலுவலகத்தில் கையெழுத்திட்டுச் செய்யும் காரியமாக இருக்கிறது. உங்கள் சம்பளச் சீட்டைப் பாருங்கள், நீங்களும் கட்டுகிறீர்கள். கோயில் வெறுமையாக இருப்பது உங்கள் நிறத்தாலோ உச்சரிப்பாலோ அன்று. நீங்கள் வருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே அது தொடங்கிவிட்டது. இதை யாராவது எனக்கு முதல் ஆண்டில் சொல்லியிருந்தால், நான் என்னையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றி நிறுத்தியிருக்க மாட்டேன்.

கார் ஓட்டுகிறீர்களா? நம் ஊர் உரிமம் இங்கே குடியேறியதிலிருந்து ஆறு மாதத்துக்குத்தான் செல்லும். உங்களுக்கு மார்ச் மாதத்தோடு முடிகிறது. அதன் பிறகு எழுத்துத் தேர்வு, ஓட்டுத் தேர்வு இரண்டிலும் தேற வேண்டும். ஐந்து ஊர்களைச் சைக்கிளில் பார்க்க முடியாது, ஆகவே இப்போதே பயிற்சிப் பள்ளியில் சேருங்கள். பலகை இல்லாத நாற்சந்தியில் வலப்பக்கத்திலிருந்து வருகிறவருக்கு வழிவிட வேண்டும் என்ற விதியில் நான் முதல் தேர்வில் தோற்றேன். மறுநாள் அது ஊர் முழுவதும் தெரிந்திருந்தது. ரொட்டிக் கடையில் முன்பின் பேசாதவர்கள் தாங்கள் எத்தனை முறை தோற்றோம் என்று என்னிடம் சொன்னார்கள். அந்த வாரம் நான் பேசிய அளவுக்கு அதற்கு முந்தைய ஆறு மாதத்தில் பேசியதில்லை. ஊரில் நாம் கொடுக்கிறவர்களாகவே பழகிவிட்டோம், சாமி. இங்கே நமக்கு ஒன்று தெரியவில்லை, கொஞ்சம் உதவுங்கள் என்று கேட்கிற இடத்தில்தான் மனிதர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறார்கள்.

ஊரிலிருந்து பள்ளிச் சுவருக்கும், மாதா கெபிக்கும், அக்கா மகன் கல்லூரிக் கட்டணத்துக்கும் தொலைபேசி வரத் தொடங்கியிருக்கும். முதல் ஆண்டில் யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

முதியோர் இல்லத்துச் சகோதரி எழுதியது:

தந்தை அவர்களுக்குத் தோத்திரம். பெரியவர்கள் பெரிய செய்திகளைச் சொல்லிவிட்டதால் நான் பூஞ்சணத்தைப் பற்றி எழுதுகிறேன். இருபத்திரண்டு ஆண்டுகளாக இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் செவிலியாக இருக்கிறேன், எங்கள் மடத்துக்குப் புதிதாக வருகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் முதல் வாரத்தில் இதைத்தான் கற்றுக்கொடுக்கிறோம்.

குளிருக்குப் பயந்து நீங்கள் சன்னலை மேற்புறம் மட்டும் சாய்த்து நாள் முழுவதும் விட்டிருப்பீர்கள், அல்லது திறக்கவே மாட்டீர்கள். இரண்டும் தவறு. காலையிலும் மாலையிலும், சமைத்த பிறகும், எதிரெதிர்ச் சன்னல்களை முழுவதுமாக விரியத் திறந்து ஐந்து முதல் பத்து நிமிடம் வைத்து, பிறகு இறுக மூடிவிட வேண்டும். சுவர் ஆறுவதற்குள் ஈரக்காற்று வெளியேறி உலர்ந்த காற்று உள்ளே வந்துவிடும். அந்தப் பத்து நிமிடமும் சூடேற்றியை அடைத்து வையுங்கள். பயன்படுத்தாத அறைகளையும் அடியோடு குளிர விடாதீர்கள்; மேலே இரண்டு அறைகளை மட்டும் சூடாக்கிவிட்டுக் கதவைத் திறந்து போட்டால், சூடான ஈரக்காற்று போய்க் குளிர்ந்த அறைச் சுவரில்தான் வியர்க்கும். அலமாரியை வெளிச்சுவரோடு ஒட்டி வைத்திருந்தால் ஒரு கையளவு முன்னால் இழுங்கள். துவைத்த துணியைப் படுக்கையறையில் காயப்போடுகிறீர்கள் என்று நான் பந்தயம் கட்டுவேன். ஈரப்பதம் காட்டும் சிறு கருவி கடைகளில் கிடைக்கிறது; அது 60 விழுக்காட்டுக்குக் கீழே நிற்க வேண்டும். படர்ந்துவிட்ட கறுப்பை நீங்களே பெயின்ட் அடித்து மறைக்காமல் அலுவலகத்தில் எழுத்து மூலம் தெரிவியுங்கள். நான் முதலில் இருந்த இடத்தில் ஒரு சகோதரி வெள்ளை அடித்து மறைத்தார். வசந்தத்தில் சுவர்ப் பூச்சே பெயர்ந்து விழ, அதற்கு எங்கள் மடம் பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

சமையலைப் பற்றி ஒன்று, கோபிக்க வேண்டாம். தாளிக்கும்போது சமையலறைக் கதவு மூடியிருக்க வேண்டும், அங்கியும் குளிர்க்கோட்டும் வேறு தளத்தில் தொங்க வேண்டும். பெருங்காயமும் வெங்காயமும் கம்பளித் துணியில் ஏறினால் நமக்குத் தெரியாது, பீடத்தில் பக்கத்தில் நிற்கும் பிள்ளைகளுக்குத் தெரியும். யாரும் உங்களிடம் சொல்லமாட்டார்கள், அதனால் நான் சொல்கிறேன். மிளகாய் வதக்கினால் புகை உணரும் கருவி அலறும். அதன் மேல் ஈரத்துணியைக் கட்டி வைக்கிற வித்தையை எங்கேயாவது கேள்விப்பட்டிருப்பீர்கள், செய்யாதீர்கள்.

டிசம்பரில் காலை எட்டு மணிக்கு விடிந்து மாலை நாலரைக்கு இருட்டும். அந்த நாட்களில் மனம் சோர்வது பக்தியின் குறைவினால் அன்று. குடும்ப மருத்துவர் ஒருவரிடம் பெயரைப் பதிந்துகொண்டு, வைட்டமின் டி அளவைப் பாருங்கள். நம் தோலுக்கு இங்குள்ள வெயில் போதுவதில்லை. பகல் உணவுக்குப் பிறகு வெளிச்சம் இருக்கும்போதே ஒரு மணி நேரம் நடங்கள். நடக்கிற குருவை ஊர் பார்க்கும், பார்த்த முகத்தோடு பேசுவது அவர்களுக்கு எளிது. காலிக் கண்ணாடிப் போத்தல்களைப் போடும் பொதுத் தொட்டிக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். சத்தம் கேட்டால் புகார் வரும்.

கிளிநொச்சியான் எழுதியது:

சுவாமிக்கு வணக்கம். நான் குருவானவர் அல்லன். எண்பதுகளின் நடுவில் அகதியாக யேர்மனிக்கு வந்து, இப்போது ஸ்ருட்கார்ட் பக்கத்தில் பேரப்பிள்ளைகளோடு வாழ்கின்ற ஒரு கத்தோலிக்கன். நீங்கள் கேட்ட இரண்டாவது கேள்விக்கு எங்கள் பக்கத்திலிருந்து பதில் சொல்ல விரும்புகின்றேன்.

கட்டாயம் எங்களிடம் வாருங்கள். மாதம் ஒருமுறை வாருங்கள். ஒவ்வொரு ஞாயிறும் வராதீர்கள். இப்படிச் சொல்வது எனக்கே கவலையாக இருக்கின்றது, ஏனென்றால் தமிழிலே பாவசங்கீர்த்தனம் செய்வதற்கு ஒரு சுவாமி கிடைப்பது எங்கள் முதியவர்களுக்குப் பெரிய ஆறுதல். ஆனால் இங்கே வந்த சில இளம் சுவாமிமார் தங்கள் ஊரிலே சனம் கதைப்பதில்லை என்று எங்களிடமே வந்து வந்து போனதையும், மூன்று வருடத்துக்குப் பிறகும் டொச் (ஜெர்மன்) மொழி வாயில் வராமல் திரும்பிப் போனதையும் நாங்கள் கண்டிருக்கின்றோம். எங்கள் வீட்டுச் சோறும் மீன்குழம்பும் அதற்கு ஒரு காரணம் என்று என் மனைவி இன்றும் தன்னையே குறை சொல்வாள்.

அகதி முகாமில் ஆறு பேர் ஒரு அறையில் இருந்தபோது எங்களுக்குத் தனிமை என்ற சொல்லே தெரியாது. வேலையும் வீடும் கிடைத்த பின்னர்தான் அது வந்தது. என் முதல் அயலவர் எட்டு மாதம் வணக்கம் மட்டுமே சொன்னார். எங்கள் படிக்கட்டைக் கூட்டித் துடைக்கும் முறைவாரம் வந்தபோது நான் நன்றாகச் செய்யவில்லை என்று முறைவார அட்டையைத் திரும்பவும் என் கதவில் மாட்டிவிட்டுப் போனார். நான் போய், எப்படிச் செய்வது என்று காட்டுங்கள் என்று கேட்டேன். அவர் வாளியோடு வந்து, மேல்படியிலிருந்து தொடங்கி, கைப்பிடிக் கம்பியின் அடிப்பக்கம் வரை துடைத்துக் காட்டினார். பின்னர் அவரே என் மகளின் முதல் நற்கருணைக்கு வந்து முன் வரிசையில் இருந்தார். மேலே அந்தப் பாதர் எழுதிய சாரதிப் பரீட்சைக் கதையை வாசித்தபோது எனக்கு அந்த வாளிதான் நினைவுக்கு வந்தது.

ஓகஸ்ட் மாதம் கெவலார் யாத்திரைக்கு எங்களோடு வாருங்கள். நெதர்லாந்து எல்லைக்கு அருகே உள்ள சிறிய ஊர்; துயருறுவோருக்கு ஆறுதலான மாதாவின் படம் 1642 இலிருந்து அங்கே இருக்கின்றது. படம் ஒரு தபாலட்டை அளவுதான் இருக்கும், ஆனால் அதன் முன்னால் மடு மாதாவை நினைத்து அழுகின்ற சனத்தை நீங்கள் பார்க்க வேண்டும். சைவச் சனமும் பட்டுச்சேலையோடு வந்து மெழுகுதிரி கொளுத்தும். உங்கள் பங்குச் சனத்திலும் நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், அந்த ஆசிரியரையும் சேர்த்து.

தரங்கைக்காரன் எழுதியது:

நான் லுத்தரன் திருச்சபைப் போதகன். பணிப் பரிமாற்றத் திட்டத்தில் குடும்பத்தோடு சாக்சனியில் இருக்கிறேன். உங்கள் பகுதியில் கோயிலை விட்டுப் போனவர்களைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள். இங்கே பெரும்பாலோர் இரண்டு தலைமுறையாகக் கோயிலுக்குள் வந்ததே இல்லை, ஆகவே விட்டுப் போவதற்கும் ஒன்றுமில்லை. பெரியவர்கள் சொன்னதில் எனக்கு ஒரு சிறு மாறுபாடு உண்டு. உதவி கேட்டால் கதவு திறக்கும் என்பது பணியில் இருப்பவருக்குப் பொருந்தும். எங்களைப் போல மனைவி மக்களோடு வருகிறவர்களுக்கு, வேலையும் பட்டமும் இல்லாமல் வீட்டில் இருக்கும் ஐயரம்மாவுக்கு, அதாவது போதகரின் மனைவிக்கு, அந்தக் கதவு எங்கே இருக்கிறது என்றே தெரிவதில்லை. என் மனைவி ஊரில் பெண்கள் ஐக்கியத்தின் தலைவி. இங்கே முதல் ஆண்டில் அவரை எல்லாரும் போதகரின் மனைவி என்று மட்டுமே அறிமுகம் செய்தார்கள். மாலைப் பள்ளியில் தையல் வகுப்பில் சேர்ந்த பிறகுதான் அவருக்கு ஒரு பெயர் கிடைத்தது. ஆகையால் புதிதாக வருகிற குடும்பங்கள், போதகரின் மொழிப் படிப்புக்குச் செலவிடும் அதே பணத்தை மனைவியின் மொழிப் படிப்புக்கும் ஒதுக்கும்படி பயணத்துக்கு முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

1706-இல் இந்தப் பக்கத்திலிருந்து புறப்பட்டுத் தரங்கம்பாடியில் இறங்கிய லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு, சிறுவர்களோடு தரையில் உட்கார்ந்து மணலில் எழுத்துப் பழகினார் என்பதை எங்கள் ஞாயிறு பள்ளியிலேயே படித்திருக்கிறேன். அவர் ஊர்க்காரர்கள் இப்போது என் பிழைகளைத் திருத்தும்போது, கடன் அடைகிறது என்று சிரித்துக்கொள்வேன்.

வைகைக்கரை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன். திருவருகைக் காலமும் கிறிஸ்மசும் என்னை உட்கார விடவில்லை. சகோதரி சொன்னபடி செய்ததில் பூஞ்சணம் நின்றுவிட்டது. துணியைப் பற்றிய பந்தயத்தில் நீங்கள்தான் வென்றீர்கள்.

துக்க உரையாடல்களை நானே செய்வதாகப் பங்குத்தந்தையிடம் கேட்டு வாங்கினேன். இதுவரை ஆறு வீடுகள். மூன்றாவது வீட்டில் இறந்தவர் கோயிலிலிருந்து விலகிப் பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் மகள் அதைச் சொல்லும்போது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா எதற்குச் சிரிப்பார் என்று கேட்டேன். முதலில் அவர் சிரித்தார், பிறகு அழுதார். நான் எழுதி வைத்திருந்த மற்றக் கேள்விகள் எதுவும் தேவைப்படவில்லை.

சனவரி 6 மூன்று அரசர் திருநாளுக்குப் பிள்ளைகள் கிரீடமும் மேலங்கியும் அணிந்து வீடு வீடாகப் போய், ஏழை நாட்டுப் பிள்ளைகளுக்காகக் காணிக்கை வாங்கி, வாசல் நிலையின் மேல் சாக்கட்டியால் ஆண்டையும் சி, எம், பி என்ற மூன்று எழுத்துகளையும் எழுதுவார்கள். கிறிஸ்து இவ்வீட்டை ஆசீர்வதிப்பாராக என்பதன் லத்தீன் சுருக்கமாம். 1959-இலிருந்து நாடு முழுவதும் ஒரே ஏற்பாடாக நடக்கிறது. அழைக்காமல் போகலாம் என்று ஊரே ஒப்புக்கொண்ட ஒரே நாள் என்பதால் நானும் அவர்களோடு போனேன். முப்பத்தொரு வீடுகள். பகலில் ஒரு வீட்டில் எல்லாருக்கும் சாப்பாடு போட்டார்கள்: உருட்டாத மாவுத் துண்டுகளோடு குழைய வேகவைத்த பயறு. மேசை நடுவில் வினிகர் போத்தல். பருப்பைப் பார்த்ததும் எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது, இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். வினிகர் விடாமல் சாப்பிட்டால் அது பயறே இல்லை என்று அந்த வீட்டுப் பாட்டி என் தட்டில் அவராகவே ஊற்றினார்.

ஆசிரியர் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு வருகிறார். நேரம் குறித்து, ஒரு மணி நேரத்துக்கு. கடந்த வாரம் பிழைகள் மூன்று. அவரும் அவர் மகனும் எங்கள் ஊர்க் குதிரைக் குழுவில் இருக்கிறார்களாம். ஆண்டவரின் விண்ணேற்றத்துக்கு மறுநாளான வெள்ளிக்கிழமை வைன்கார்ட்டன் நகரில் நடக்கும் திரு இரத்தப் பவனிக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகள் வரும், ஒவ்வோர் ஊர்க் குழுவோடும் முடிந்தால் ஒரு குருவும் குதிரை ஏறிப் போவார், எங்கள் குழுவில் ஒன்பது ஆண்டாகக் குரு இல்லை என்று மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கு மாட்டு வண்டி மட்டுமே ஓட்டத் தெரியும் என்றேன். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு லாயத்துக்கு வாருங்கள் என்று தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

அழைப்புமணி இன்னமும் அடிப்பதில்லை. மார்ச் மாத ஓட்டுத் தேர்வுக்கும் பணம் கட்டியாயிற்று. இங்கே யாராவது குதிரை ஏறிப் பழகியவர்கள் இருந்தால், அங்கிக்கு உள்ளே எந்தக் காற்சட்டை அணிவது என்று மட்டும் ஞாயிற்றுக்கு முன்னால் சொல்லுங்கள். அதை ஆசிரியரிடம் கேட்க வெட்கமாக இருக்கிறது.